லைலா செத்த ராத்திரி

தடைக்காலத்தில் எங்கள் ஊர் ஆம்பளைகளுக்குப் பொழுது போகாது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலில் இறங்கக் கூடாது. முதல் வாரம் தூங்கித் தீர்ப்பார்கள். அடுத்த வாரம் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலைக் கிழிசல் தைப்பார்கள். மூன்றாவது வாரம் அடுப்படிக்குள் வந்து நின்று, பதினாறு வருசமாக உப்பு ஜாடி இருக்கிற இடம் தப்பு என்று கண்டுபிடிப்பார்கள். 2024 மே மாதம் அப்படி ஒரு மூன்றாவது வாரத்தில்தான் பாம்பனில் எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டோம்.

தேர்ந்தெடுத்தது பெரியவன். அவனுக்கு அப்போது 14 வயது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம். 2023 மே மாதம் தியேட்டருக்கு வந்து, அப்புறம் ஓடிடியில் தமிழ் பேசியது. "ஒரு ரக்கூன் துப்பாக்கி வெச்சுச் சுடும்மா, செம காமெடி" என்றான். மரம் மாதிரி ஒரு ஆள், பேசுகிற நாய் என்று என்னென்னவோ சொன்னான். பாப்பாவுக்கு 9 வயது. விலங்கு பேசினால் அது குழந்தைகள் படம் என்பது என் கணக்கு. அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு, 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்கவும் என்ற தரச் சான்றுதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடுதான் பார்த்தேன். அதைப் பார்க்கப் பத்து விநாடி போதும். நான் பார்க்கவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ராக்கெட் என்கிற அந்த ரக்கூன் அடிபட்டு, சாகக் கிடக்கிறது. மயக்கத்தில் அதன் குட்டிக் காலம் நினைவுக்கு வருகிறது. ஹை எவல்யூஷனரி என்று ஒருவன், குறையே இல்லாத ஒரு உலகத்தைச் செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிராணிகளைப் பிடித்து வெட்டி ஒட்டி இரும்பு வைத்துத் தைக்கிறான். கூண்டுக்குள் நான்கு பேர். லைலா ஒரு நீர்நாய், அதற்குக் கை இரண்டும் இரும்பு. டீஃப்ஸ் ஒரு வால்ரஸ், சக்கரத்தில் உருண்டு வரும். ஃப்ளோர் ஒரு முயல், சிலந்தி மாதிரி இரும்புக் கால். அப்புறம் நம் ராக்கெட். வானத்தையே பார்த்திராத நாலும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வெளியே போனால் நமக்கு என்ன பேர் வைத்துக்கொள்ளலாம் என்று பேசும்.

டீஃப்ஸைப் பார்த்ததும் பாப்பா "ஐ, ஆவுளியா!" என்று கத்தினாள். வெளியூர்க்காரர்கள் கடல் பசு என்பார்கள், எங்கள் பக்கம் அதற்கு ஆவுளியா என்றுதான் பேர். "ஆவுளியாவுக்கு இம்மாம் பெரிய பல்லு கெடையாது" என்றார் என் வீட்டுக்காரர். ஆவுளியா யானைக்குத்தான் சொந்தம், வால்ரஸுக்கு இல்லை என்று பெரியவன் விளக்கம் சொன்னான். அதுவரைக்கும் வீடு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த இடம் வந்தது. குப்பையிலிருந்து பொறுக்கிச் சேர்த்த துண்டுகளை வைத்து ராக்கெட் ஒரு சாவி செய்து கூண்டைத் திறக்கிறது. லைலாவும் அதுவும் கட்டிக்கொள்கின்றன. அந்தக் கணம் பார்த்து ஹை எவல்யூஷனரி லைலாவைச் சுட்டுவிடுகிறான். ராக்கெட் கத்த, அவன் அந்தக் கத்தலைக் கேலி செய்து திருப்பிக் கத்துகிறான். ராக்கெட் அவன் முகத்தில் பாய்ந்து கிழிக்கிறது. இன்னொரு பக்கம் முயல், "போயிடலாம், போயிடலாம்" என்கிற மாதிரி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கிறது. காவலாளிகள் வந்து சுடுகிறார்கள். முயலின் சத்தம் நின்றுவிடுகிறது.

பாப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆனால் காது திறந்துதானே இருக்கும்? எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. கையால் அவள் கண்ணைப் பொத்திவிட்டு நல்ல அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் பிறகு சொன்ன எதிலும் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. "அந்த மொசலு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சும்மா" என்பதைத்தான் சொன்னாள். அப்போது நான் கையை வைத்திருக்க வேண்டியது அவள் கண்ணில் இல்லை, ரிமோட்டில், சத்தத்தைக் குறைக்கிற பொத்தானில்.

அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு, வார்த்தை வராமல், வயிற்றிலிருந்து வருகிற அழுகை. நான் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தப்புச் செய்தேன்.

முதலில் "படந்தானடி" என்றேன். அதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அழுகை நிற்கவில்லை, ஆனால் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்புறம் டிவியை அணைத்தேன். இதுதான் மூன்றிலும் பெரிய தப்பு. லைலா தரையில் கிடக்க, அதோடு படம் நின்றுவிட்டது. ராக்கெட் பிழைத்ததா, அந்தப் பாவி என்ன ஆனான், எதுவும் தெரியாமல் அந்தச் சாவோடு அவள் படுக்கப் போனாள்.

மூன்றாவது, விஞ்ஞானம். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதும்மா, நெசமா ஒரு நீர்நாயும் இல்ல, ஒரு மொசலும் இல்ல" என்றேன். தலையணைக்குள்ளிருந்தே கேட்டாள்: "அப்ப அழுத சத்தம் யாரோடது?"

நான் யோசித்தேன். மைக் முன்னால் நின்று யாரோ ஒரு அக்கா அழுதிருப்பார். இங்கிலீஷில் ஒருவர், தமிழில் ஒருவர். ஆக அந்தச் சத்தம் நிஜ மனுசருடையதுதான். பிள்ளை சரியாகத்தான் பிடித்தாள். எனக்குப் பதில் வரவில்லை.

மாமியார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். தடவிக் கொடுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கால் நீட்டி, சுவரில் சாய்ந்து, சும்மா இருந்தார். அரை மணி நேரம் இருக்கும். அழுகை விக்கலாகி, விக்கல் தூக்கமாகிவிட்டது. இதைச் செய்ய எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் எதையாவது சொல்லித் தீரவேண்டும் என்கிற அரிப்பு டீச்சர்களுக்கு அதிகம். நான் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன்.

இந்தக் கலவரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனதை நான் கவனிக்கவே இல்லை. முயல் கத்தும்போதே போயிருக்கிறார். பதினோரு மணிக்குக் கதவைச் சாத்தப் போனால், முற்றத்தில் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். "தூங்கலையாங்க?" என்றேன். "கச்சான் நல்லா அடிக்குது" என்றார். பதினாறு வருசம் குடித்தனம் நடத்தியவளுக்கு, காற்றைப் பற்றிப் பேசினால் வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார் என்பது தெரியும்.

மறுநாள் காலையில் பெரியவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்தப் படத்தில் காஸ்மோ என்று சோவியத் நாட்டு விண்வெளி நாய் ஒன்று வருகிறது. அதை வைத்து, "நெசமாவே ஒரு நாய அனுப்புனாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். லைக்கா. 1957 நவம்பர் 3. ஸ்புட்னிக் 2. திரும்பி வருவதற்கு வழியே செய்யாமல் அனுப்பினார்கள். மேலே போன சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துப்போனது, அந்த உண்மை 2002இல்தான் வெளியே வந்தது. இட்லி பாதியில் நிற்க, பாப்பா என்னைப் பார்த்தாள். இல்லை, அண்ணன் பொய் சொல்கிறான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமா, நெசந்தான்" என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அதுக்கு சிலை வெச்சாங்களா?" என்று கேட்டாள். மாஸ்கோவில் இருக்கிறது என்று பெரியவன் காட்டினான். இட்லியைத் தின்றுவிட்டாள்.

பிள்ளைகளிடம் உண்மை சொல்வதில் ஒரு அளவு இருக்கிறது, கேட்டதற்கு மட்டும் பதில் என்பது என் கட்சி. இப்போதும் பிராணிகளை வைத்துச் சோதனை செய்கிறார்களா என்று கேட்டாள். மருந்துக்குச் செய்கிறார்கள், முகப் பவுடர், ஷாம்பு மாதிரி அழகுச் சாமான்களுக்குச் செய்வதை நம் நாட்டில் 2014இலேயே தடை செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். மருந்துக்கு ஏன் என்று கேட்டாள். உன் காய்ச்சல் மருந்து சரியா என்று முதலில் எதன் மேலாவது பார்க்க வேண்டியிருக்கிறது, அது வேண்டாமே என்று வேறு வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். அதோடு விட்டாள். அவள் கேட்காத கூண்டு, ஊசி பற்றியெல்லாம் நான் போகவில்லை.

காலை பத்து மணிக்கு மிச்சப் படத்தைப் போட்டோம். இது என் மாமியார் சொன்ன யோசனை. "பேய்க்கதைய ராத்திரி பாதியில நிறுத்துனா பேய் வீட்டுக்குள்ள நிக்கும். காலைல முடிச்சு விடு" என்றார். ஜன்னல் எல்லாம் திறந்து, சத்தம் குறைத்து, வாசலில் கோழி மேய, பார்த்தோம். ராக்கெட் சாவின் விளிம்பில் லைலாவைப் பார்க்கிறது. உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அது திருப்பி அனுப்புகிறது. பாப்பா மறுபடி அழுதாள். ஆனால் இது வேறு அழுகை, வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு அழுகிற அழுகை. கடைசியில் ராக்கெட் கூண்டுகளைத் திறந்து எல்லாப் பிராணிகளையும் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் எழுந்து நின்றுவிட்டாள். கையில் சிக்கிய அந்தப் பாவியை அது கொல்லவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அந்த இடம் பிடித்தது. இரக்கம் வரவழைக்க மூன்று குட்டிகளைக் கொன்றுவிட்டு, அதைச் சாக்காக வைத்துப் பழிவாங்கும் படமாக முடித்திருந்தால் எனக்கு இயக்குநர் மேல் தீராத கோபம் இருந்திருக்கும்.

முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் வீட்டு நாலு கோழிக்கும் பேர் வைத்துவிட்டாள். பட்டைக் கோழி லைலா. ஒரு கால் சாய்த்து நடக்கும் கறுப்பி, ஃப்ளோர். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் கறுப்பியைப் பிடிக்கப் போக, பாப்பா குறுக்கே நின்றாள்.

மீன்பிடிக்கிற வீட்டில் இது சிக்கலான கேள்வி. எங்கள் சோறு கொல்வதில்தான் வருகிறது. பாப்பா கேட்டே விட்டாள்: "அப்ப நாமளும் அந்தாளு மாதிரிதானா அப்பத்தா?"

மாமியார் ஆமைக்கறி சாதாரணமாக இருந்த காலத்தில் பிறந்தவர். கடல் ஆமையையும் ஆவுளியாவையும் தொட்டால் வனவிலங்குச் சட்டப்படி ஜெயில் என்பதெல்லாம் அவர் கல்யாணத்துக்குப் பிறகு வந்த கதை. அவர் குனிந்து பாப்பா முகத்துக்கு நேரே சொன்னார்: "நாம பசிக்குக் கொல்றோம்த்தா. தின்னுட்டு எலும்பக்கூட வீணாக்க மாட்டோம். அவன் பசிக்குக் கொன்னானா? சரியா வரலைன்னு கொன்னான். ரெண்டும் ஒண்ணில்ல."

கறுப்பி அன்றைக்குத் தப்பித்தது. நாட்டுப்படகில் வந்த சூடை மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மட்டும் போகும், விலை எகிறிக் கிடக்கும். பேர் வைத்த கோழியை அறுப்பதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் ஆகிவிட்டது. எல்லாக் கோழிக்கும் பேர் வைக்கக் கூடாது என்று மாமியார் ஒரு எதிர்ச் சட்டம் போட்டார். இரண்டும் இன்றுவரை அமலில் இருக்கின்றன.

மாமியார் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் எங்கோ உரசியது. எது என்று அன்றைக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிடிபட்டது.

லீவிலும் கையெழுத்துப் பயிற்சி, சொல்வதை எழுதுதல் எல்லாம் நடத்துவேன். பாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு உட்காருவாள். அவளுக்கு ரகர றகரம் தகராறு. அன்றைக்கு 'கற்பூரவள்ளி' என்று சொன்னேன். 'கர்பூறவல்லி' என்று எழுதியிருந்தாள். தினமும் சொல்வதைத்தான் சொன்னேன்: "சரியா வரல பாப்பா. அழிச்சிட்டுத் திரும்ப எழுது."

ரப்பரைக் கையில் எடுத்தவள் அழிக்கவில்லை. அதை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டார்கள். கிட்டே போனேன். தலை நிமிராமல், அடுத்தவருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "அவங்களையும் சரியா வரலைன்னுதானம்மா அழிக்கச் சொன்னான்?"

நான் அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன். பிராணி மேல் பாசம், இளகின மனசு, ராத்திரிப் பயம். இது ஒன்றும் இல்லை. மூன்று பேரும் எதற்குச் செத்தார்கள் என்ற காரணத்தை அவள் என்னைவிடத் தெளிவாகப் பிடித்திருந்தாள். ஹை எவல்யூஷனரி அந்த மூன்றையும் வெறுக்கவில்லை. அவன் பார்வையில் அவை பாதியில் நின்ற வேலை. சரியாக வராத பக்கம். அந்த வார்த்தையை அவள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வாயால் கேட்கிறாள்.

அன்றைக்கு டியூஷனைச் சீக்கிரம் விட்டேன். அவளை மடியில் உட்கார வைத்து என்ன சொன்னேன் என்பதெல்லாம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். ஆனால் அந்த வாரத்திலிருந்து டியூஷனில் ரப்பர் கிடையாது. தப்பான வார்த்தையை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்கிறேன். பாடம் சொல்லிக்கொடுக்கிறவளாகச் சொன்னால் இதில் லாபமும் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் எத்தனை தடவை தடுக்கியது என்று நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. அழித்தபோது அது தெரியாமலே போயிற்று.

ஆகவே, இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளை படம் பார்த்து அழுதால், ஏன் அழுகிறாய் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளைகளிடம் பதில் இருக்காது, 'பாவம்' என்று மட்டும் சொல்லும். "எந்த எடத்துல அழுகை வந்துச்சு?" என்று கேளுங்கள். அதையும் அன்று ராத்திரியே கேட்க வேண்டாம். ஒரு நாள் போகட்டும். கோழிக்குத் தீனி போடும்போது, மீன் ஆயும்போது, கை வேலையாக இருக்கும்போது, முகம் பார்க்காமல் கேட்டால் வரும்.

அதே கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டேன். அவருக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார், நான் டீ கொண்டு போயிருந்தேன். அப்போது மண்டபத்தோடு ரயில் நின்றுபோயிருந்த காலம், பழைய பாலம் சும்மா கிடந்தது, புதுப் பாலம் கட்டி முடியவில்லை. அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பதினேழு வயது. அப்பாவோடு வடகடலில் வள்ளத்தில் போன நாட்கள். திருக்கை வலை போட்டிருந்தார்கள். பெரிய கண் வலை, சாயங்காலம் அடியில் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் காலையில் வாங்குவார்கள். அன்றைக்கு வாங்கும்போது பாரம் தெரிந்தது. ஆவுளியா. பொம்பளை ஆவுளியா, எப்போதோ செத்திருந்தது. அது மீன் இல்லையே, சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலை விடவில்லை.

"குட்டி பக்கத்துலயே நின்னுச்சு" என்றார். "மேல வரும், ப்ஃபூன்னு ஒரு மூச்சு விடும், முங்கும். வள்ளத்தச் சுத்திச் சுத்தி. நாங்க வலைய அறுத்து ஆத்தாள விட்டோம், அது கீழ போயிருச்சு. குட்டி எங்க கூடவே வருது. கீழ போனது தெரியாம, வள்ளந்தான் அதோட ஆத்தான்னு நெனச்சுக்கிச்சோ என்னமோ. அப்பா சொன்னாரு, பாக்காதடா, இழு."

ஆவுளியா பதின்மூன்று மாதத்துக்கு மேல் சுமந்து ஒரு குட்டி போடும். ஒன்றரை வருசம் வரை அதற்குப் பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருசம்கூட ஆகும். தாய் இல்லாத குட்டி பிழைப்பது கஷ்டம். இதை அவருக்கு நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். அந்த முயல் விடாமல் கூப்பிட்டபோது அவர் எதைக் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

"இத யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"இதுல என்ன சொல்ல? அப்பா பாக்காதன்னாரு. பாக்கல."

டீ ஆறிவிட்டது. குடித்துவிட்டு வலையை எடுத்தார்.

அவர் அழுத கதை (அழவில்லை, வெளியே எழுந்து போனார், அவ்வளவுதான்) எப்படியோ படகுக்காரர்களுக்குத் தெரிந்து கொஞ்ச நாள் கேலி நடந்தது. மனுசன் செத்தால் கல் மாதிரி நிற்பான், எலிக்குட்டி செத்தால் அழுவான் என்று. 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கல்லூரி மாணவர்களிடம், ஒருவரை மட்டையால் அடித்துப் போட்டார்கள் என்று ஒரு கற்பனைச் செய்தியைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த தாளில் அடிபட்டது கைக்குழந்தை, சிலருக்கு வளர்ந்த ஆள், சிலருக்கு நாய்க்குட்டி, சிலருக்குப் பெரிய நாய். வளர்ந்த மனுசனுக்குத்தான் இரக்கம் குறைவாக வந்தது. குழந்தைக்கும் இரண்டு நாய்க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதது என்று நாம் எதை நினைக்கிறோமோ அதற்கு மனசு அடித்துக்கொள்கிறது. வட்ட முகம், பெரிய கண் பார்த்தாலே நமக்குள் பிள்ளைப் பாசம் கிளம்பும் என்று கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதிவிட்டார். குட்டி ராக்கெட்டின் கண்ணை அத்தனை பெரிதாக வரைந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். கேலி செய்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மாமியார்தான் ஒரே வரியில் முடித்தார்: "அழுதவன் வீட்டுல கொழம்பு உப்பாவா இருக்கு? போங்கடா."

இப்போது நான் படம் போடுவதற்கு முன் கதைச் சுருக்கத்தை முழுதாகப் படித்துவிடுகிறேன். விலங்கு சாகுமா என்பதைப் பார்வையாளர்களே குறித்து வைக்கிற இணையதளம்கூட உண்டு, நாய் சாகுதா என்று கேட்பதுதான் அதன் பேரே. முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்கிறான் பெரியவன். எனக்குப் போகட்டும், பரவாயில்லை. சாவு இருக்கிறது என்பதற்காகப் படத்தை ஒதுக்குவதில்லை. அப்பா கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம் சாவே இல்லை என்று நடிப்பது நடக்கிற காரியமும் இல்லை. முதலிலேயே பாப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்: "இதுல ஒரு குதிரை செத்துப்போவும். பாக்குறியா?" சில நாள் பார்க்கிறேன் என்பாள், சில நாள் வேண்டாம் என்பாள். பகலில்தான் பார்ப்போம். பாதியில் நிறுத்துவதில்லை.

தடை முடிந்து படகு இறங்கியது. முதல் வாரம் எல்லாருக்கும் நல்ல மீன்பாடு. அவர் விடிகாலையில் வந்து, உப்புத்தண்ணீர் காய்ந்த சட்டையோடு முற்றத்தில் நின்று கால் கழுவினார். பாப்பா தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். இறால் எவ்வளவு என்று இல்லை.

"எதாச்சும் மாட்டுச்சாப்பா?"

"ஒரு பேராமை."

"செத்துருச்சா?"

"செத்த மாதிரிதான் கெடந்துச்சு." முன்பெல்லாம் அப்படிக் கிடந்தால் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள், நேராக அடிக்குப் போய்விடும். வலையில் மூச்சு முட்டிய ஆமை செத்த மாதிரி கிடக்கும், ஆனால் செத்திருக்காது என்று கரையில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, நிழலில் போட்டு, ஈரத்துணி போர்த்திவிட்டால் நுரையீரல் தண்ணீர் வடிந்து எழுந்துவிடும். சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். இவர் பழைய டயர் ஒன்றைப் பின்னால் முட்டுக் கொடுத்திருக்கிறார்.

"அப்பறம்?"

"ரெண்டு மணி நேரங்கழிச்சு கண்ணத் தொறந்துச்சு. துடுப்ப அசைச்சுச்சு. எஞ்சினை நிறுத்திட்டு எறக்கி விட்டோம்."

"ரெண்டு மணி நேரமும் நீ என்னப்பா பண்ண?"

"என்னத்தப் பண்ண? மீன் தரம் பிரிச்சுக்கிட்டு, பக்கத்துல உக்காந்திருந்தேன்."